ஜன்னலில் நான் மூட்டிய அடுப்பு

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டுத் திரைச்சீலைக் கடையில் உன்னையும் பவித்ராவையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்த அம்மாதான் எழுதுகிறேன். நாலு நாளாக நீ பேசவில்லை. பவித்ரா மட்டும் "அத்தை, சாப்டீங்களா" என்று ஒரு மெசேஜ் போட்டாள். கோபப்படு, தப்பில்லை. மனைவிக்கு ஏழாவது மாதம் நடக்கிறது, பிறக்கப்போகும் பிள்ளைக்காக உங்கள் படுக்கையறை ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும் என்று ஆசையாக என்னையும் கூட்டிப்போனாய். ஊரில் யார் வீடு குடிபோனாலும் போனில் கூப்பிட்டுத் திரைச்சீலை யோசனை கேட்கிற அம்மா, சொந்த மகன் வீட்டுக்கு வாங்கும்போது காரணம் சொல்லாமல் ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "நைட் ஷிப்ட் போறவங்கல்லாம் இதான் மேடம் எடுத்துட்டுப் போறாங்க. ஒரு பொட்டு வெளிச்சம் வராது. மத்தியானம் பன்னெண்டு மணிய அமாவாசை ஆக்கிடலாம்" என்றார். நீ சிரித்தாய். நான் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் சுருளைத் திருப்பிக் காட்டினார். முழுக்கக் கறுப்பு. புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. ஓரத்தில் ஏற்றி இறக்குகிற சங்கிலி, முனை சேர்ந்த வளையமாக, தவழ்கிற பிள்ளையின் தலைமட்டத்துக்குத் தொங்கியது. வாசலுக்கு வந்துவிட்டேன். நீ பின்னாலேயே வந்தாய்.

"ஏம்மா, கடையில வெச்சு மானத்த வாங்குற? என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்ல. இது வேணாம், கெளம்பு."

"வேணாம்னா காரணம் சொல்லு. சூடு ஏறாம அந்த ரூம நல்லா மூடணும்னு பாக்குறேன். எனக்கு ஃபிட்ஸ் வந்த மாதிரி பாப்பாவுக்கும் வந்துடக் கூடாதில்ல? என் ரத்தந்தான அதுக்கும்?"

சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது, அந்த ரோட்டில் வராதீர்கள் என்று மெசேஜ் வரும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. உன்னுடைய அந்த ஒரு கேள்விக்கு வந்தது. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷமாகத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பவித்ராவை டாக்டரிடம் கூட்டிப்போகிறாய். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்பார்கள். "எனக்கு உண்டு" என்று நீ சொல்வாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேகவேகமாக எழுதுகிறேன். நீ சரி என்றால் பிறகு, திரைச்சீலை யோசனை எழுதுகிற என் இணையப் பக்கத்திலும் போடுவேன். இதே கறுப்புத் திரையை வாங்கப்போகிற இன்னொரு அம்மா படித்தால் நல்லதுதானே.

நீ பிறந்தபோது நாங்கள் சிப்காட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். உங்கப்பாவுக்கு மாசத்தில் ரெண்டு வாரம் மூணாவது ஷிப்ட். காலையில் ஏழரைக்கு வந்து படுப்பார். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அவர் முகத்தில் விழும். புடவை கட்டிப் பார்த்தேன், வெளிச்சம் ஊடுருவியது. அட்டை வைத்தேன், விழுந்தது. "தூங்காம போயி மெஷின்ல கைய விட்டுட்டு வரட்டுமா? ஒரு ஜன்னல மூடத் தெரியல உனக்கு" என்று கத்துவார். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ரெண்டு விரலை இழந்து வந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். எனக்கு இருபத்தொரு வயசு. எப்படியாவது அந்த அறையை இருட்டாக்கினால் போதும் என்று இருந்தது.

அப்போதுதான் உன் காதுகுத்து முடிந்திருந்தது. காவேரிப்பட்டினத்தில் உன் மாமா மண்டப வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார். ரெண்டு பக்கமும் ரோஜாப்பூ, நடுவில் மொட்டைத் தலையோடு உன் முகம். அந்தக் காலத்தில் நம் சொந்தத்தில் அதுதான் முதல் பேனர். அதைச் சுருட்டி பஸ்ஸில் ஓசூருக்குக் கொண்டுவந்தேன். நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ், பின்பக்கம் கறுப்பு. விரித்துப் பார்த்தேன், ஜன்னலுக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்தி, அதற்கு உள்பக்கம் பேனரை வைத்து, மரச் சட்டத்தில் நாலு பக்கமும் ஆணி அடித்தேன். உன் முகம் வெயிலில் வெளுத்துவிடக் கூடாது, உள்ளே இருந்து நாங்கள் பார்க்க வேண்டும் என்று படத்தை உள்பக்கம் வைத்தேன். கறுப்பு வெயிலைப் பார்த்து இருந்தது. அறை கும்மிருட்டு. உங்கப்பா அன்றைக்கு சாயங்காலம் எழுந்து வந்து, "இன்னிக்கித்தான்டி மனுசனாட்டம் தூங்குனேன்" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை! லைன் முழுக்க எல்லாரையும் கூட்டி வந்து காட்டினேன். எதிர்வீட்டு ரத்னம்மா மட்டும் உள்ளே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரூமா இது, இட்லி குண்டானா? ஜன்னல தொறந்து வெய்யி அம்மணி" என்றாள். தெலுங்குக்காரி, எதற்கெடுத்தாலும் நக்கல் பேசுவாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். உங்கப்பா டபுள் ஷிப்டில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. நீ நல்ல தூக்கம். தண்ணி லாரி வந்துவிட்டது என்று தெருவில் சத்தம். இருட்டில் பிள்ளை அசையாமல் தூங்கும், பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடினேன். வரிசை நீளம், நடுவில் ஒரு சண்டை, லாரிக் குழாய் வேறு கழன்றது. நான் திரும்பும்போது ரொம்ப நேரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து அடித்த அனலை இன்றைக்கும் என் முகத்தில் உணர்கிறேன், கண்ணு. நீ விறைத்துக் கிடந்தாய். கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பு தொட முடியாத சூடு. நான் போட்ட சத்தத்தில் ரத்னம்மா கையில் அரிவாள்மணையோடு அப்படியே ஓடிவந்தாள். உன்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஒரே இழுப்பு. பேனர் ஆணியோடு பிய்ந்து வந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, "தூக்கு, வெளிய தூக்கு!" என்று கத்தினாள். ஈரத் துணியால் உன்னைத் துடைத்துக்கொண்டே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கொழந்தைய எங்க படுக்க வெச்சிருந்தீங்க? காத்து வர்ற ரூமா?" நான், "ஃபேன் ஓடுச்சு சார்" என்றேன். "ஜன்னல் இருக்கா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஜன்னல் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "சூட்டுல வந்ததும்மா. மறுபடி வராது. பிள்ளைய காத்தோட்டமா வெச்சுக்கங்க" என்றார். ரத்னம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாயங்காலம் உங்கப்பா கம்பெனி டிரெஸ்ஸோடு ஓடிவந்து, "என்னாச்சு, என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, "ஜொரத்துல ஃபிட்ஸ் வந்துடுச்சாம்" என்றேன். வாய் அதுவாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்து, "பேனர் எங்க?" என்றார். "ஆணி புடுங்கிக் கிழிஞ்சிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அதை நாலாய் மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

அந்த ஒரு வார்த்தை உன்னை என்னவெல்லாம் செய்தது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ "ஃபிட்ஸ் வர்ற பையன்" ஆகிவிட்டாய். ஒன்பது வயசில் காவேரிப்பட்டினத்தில் மாமா பசங்களோடு தென்பெண்ணையில் முழங்கால் தண்ணியில் இறங்கினாய் என்று உங்கப்பா பெல்ட்டால் அடித்தார். "தண்ணிக்குள்ள வந்துச்சுன்னா பொணமாத்தான்டா எடுக்கணும்" என்று அழுதுகொண்டே அடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்கூலில் நீ நன்றாக ஓடுகிறாய் என்று பி.டி. சார் கேட்டு அனுப்பியபோது, வெயிலில் ஓடவிடாதீர்கள் என்று நானே லெட்டர் எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேல், அந்த உதிரிபாகக் கம்பெனியில் தகடு அழுத்துகிற மெஷினில், பிரஸ் ஷாப் வேலை. இன்டர்வியூ எல்லாம் முடித்துவிட்டு மெடிக்கல் ஃபாரத்தில் "முன்பு வலிப்பு வந்ததுண்டா" என்ற இடத்தில் நேர்மையாக டிக் அடித்தாய். மெஷின் பக்கம் விட முடியாது என்று ஸ்டோரில் அட்டைப்பெட்டி எண்ணப் போட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "பரவால்லம்மா, உண்மையத்தான சொன்னேன்" என்றாய். நான் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நான் எப்படித் திரைச்சீலைப் பைத்தியம் ஆனேன் என்று நீ கிண்டல் பண்ணுவாய் இல்லையா? போன் கையில் வந்த புதிதில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அட்டைப்பெட்டிக்கு உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே கண்ணாடி மூடி, வெயிலில் வைத்து, கேஸே இல்லாமல் முட்டை வேகவைத்தார். எல்லாரும் கமென்டில் கைதட்டியிருந்தார்கள். நான் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வெயில், கண்ணாடி, அதற்குப் பின்னால் கறுப்பு, காத்து போக வழியில்லாத அறை. நான் கட்டியது திரை இல்லை, அடுப்பு. அதற்குள் உன்னைப் படுக்கவைத்திருந்தேன். அன்றிலிருந்து ஜன்னல் என்று எது வந்தாலும் பார்த்தேன். தமிழ், கன்னடம், புரியாத பாஷை எதையும் விடவில்லை. சின்ன வெப்பமானி வாங்கி வீடு முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் வைத்துப் பார்த்தேன். யார் என்ன கேட்டாலும் முதல் ஆளாகப் பதில் போட்டேன். எல்லாரும் இந்த அக்காவுக்கு எவ்வளவு ஆர்வம் பார் என்றார்கள். ஆர்வம் உண்மைதான், இப்போதும் நல்ல திரையைப் பார்த்தால் துள்ளுகிறேன். ஆனால் அதற்கு அடியில் இருப்பது அந்த மத்தியானம்.

அதனால் சொல்கிறேன், கேள். இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. கடைக்காரர் விற்பது இருட்டு. பவித்ராவுக்கு அது தேவைதான். பிரசவத்துக்குப் பிறகு போன் கம்பெனியில் மறுபடி நைட் ஷிப்ட் போட்டால் அவள் பகலில் தூங்கியாக வேண்டும், அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே வந்துவிட்ட வெயிலை எந்தத் திரையும் முழுசாகத் திருப்பி அனுப்பாது. கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். உங்கள் படுக்கையறை ஜன்னல் அந்தச் சின்ன பால்கனியைப் பார்த்துத் திறக்கிறது. பால்கனி கம்பிக்கு உள்பக்கமாக மூங்கில் தட்டி தொங்கவிடு. ஜன்னலுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருக்கிறது, சூடு அங்கேயே கலைந்து போய்விடும். மூங்கில் பத்தவில்லை என்றால், நம் பக்கம் ரோஜாத் தோட்டக் கூடாரத்துக்குப் போடுகிற நிழல்வலை இருக்கிறதே, அவர்கள் கழித்துப் போட்டதிலேயே நல்ல துண்டாகக் கிடைக்கும். புதுசாக ஒரு பிளாஸ்டிக்கை வாங்காமல் பழையதற்கு இன்னொரு ஆயுசு கொடுத்த மாதிரியும் ஆச்சு.

உங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது என்பாய். நேற்று செக்ரட்டரியிடம் பேசிவிட்டேன். "மேடம், பில்டிங் முகப்பு, எலிவேஷன் கெட்டுப்போகும்" என்றார். "எலிவேஷன் கெட்டா பெயின்ட் அடிச்சுக்கலாம் சார், உள்ள படுத்திருக்கிற கொழந்த கெட்டா என்ன சார் அடிப்பீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டு, கம்பிக்கு உள்பக்கம் என்றால் தடையில்லை என்றார். ஆக அந்தக் கவலை விட்டது.

உள்பக்கத்துக்குக் கெட்டிப் பருத்தித் துணி, ரெண்டு மடிப்பு. அறையைப் பார்க்கிற பக்கம் பவித்ராவுக்குப் பிடித்த எந்த நிறமும் இருக்கட்டும். கண்ணாடியைப் பார்க்கிற பக்கம் வெள்ளை. கறுப்பு வேண்டவே வேண்டாம். ரெண்டு மடிப்புப் பருத்தியில் அமாவாசை வராது, ஆனால் தூங்குகிற அளவு இருட்டு வரும், காத்தும் வரும். துவைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம், நைந்துபோனால் தரை துடைக்கலாம். அந்த வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் சுருள் அப்படியா? குப்பைமேட்டில் கிடந்து நம் எல்லாருக்கும் பிறகும் இருக்கும். பிள்ளை கழுத்தில் சுற்றிக்கொள்கிற மாதிரி சங்கிலியோ கயிறோ தொங்குகிற எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது, இதில் மட்டும் நான் பிடிவாதக்காரிதான். தொட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடாதே. வெயில் இறங்கியதும் தட்டியைச் சுருட்டி, ஜன்னலையும் எதிர்க் கதவையும் திறந்துவிடு. நம் ஓசூர்க் காத்து சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி நாளுக்கு ஏசியே தேவைப்படாது.

இவ்வளவும் எழுதியாச்சு. சொல்ல வேண்டியது இது இல்லை, கண்ணு. உன் ரத்தத்தில் எதுவும் இல்லை. அன்றைக்கு வந்தது என்னால் வந்தது. நாளைக்கு டாக்டரிடம் வெறும் "உண்டு" என்று சொல்லாதே. மூடிய அறை, வெயில், ஒரே ஒரு தடவை, அதற்குப் பிறகு வந்ததே இல்லை, எல்லாவற்றையும் சொல். அவர்கள் கேட்டு முடிவு சொல்லட்டும். என்னைக் கூட்டிப்போனால் நானே சொல்கிறேன். இந்தத் தடவை ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டால் முழுசாகப் பதில் சொல்வேன்.

இதை முதலில் உங்கப்பாவிடம்தான் கொடுத்தேன். அவருக்கும் இன்றைக்குத்தான் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கத்துவார் என்று சுவரோரமாக நின்றேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருட்டு வேணும்னு கத்துனவன் நாந்தானடி" என்றார். அப்புறம், "ஆத்துல எறங்குனான்னு அப்பிடி அடிச்சேனே" என்றார். எழுந்து போய் வாசலில் உட்கார்ந்தார். இன்னும் என்னிடம் பேசவில்லை. அவர் பேசாததைத் தாங்கிக்கொள்வேன். நீ என்ன செய்வாய் என்பதுதான் பயம்.

பிரசவம் முடிந்து பவித்ரா வேலைக்குத் திரும்பியதும் பகலெல்லாம் நான்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று பேசி, உன் வீட்டு இன்னொரு சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறாய். என்ன நடந்தது என்று தெரியாமல் கொடுத்த சாவி அது. அதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கூடவே பையில் இருப்பது அந்த பேனர். உன் முகம் வெளுக்கவே இல்லை, நான் ஆசைப்பட்ட மாதிரியே. ஓரம் முழுக்க ஆணி பிய்த்த ஓட்டை இருக்கும், பார்த்துக்கொள்.

பவித்ராவோடு பேசு. அவள் பிள்ளை அது, அவள் வேண்டாம் என்றால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். வீட்டுக்குக் கூப்பிட்டால், மத்தியானம் மூணு மணிக்குக் கூப்பிடு. வெயில் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வருகிற நேரம் அது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளை படுக்கப்போகிற இடத்தில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று நான் முதலில் உட்கார்ந்து பார்க்கிறேன்.